வெர்ன் ட்ரெம்பாத் ரேடியேட்டர் வென்ற பரணி

வாழ்க வெர்ன் ட்ரெம்பாத்! எண்ணெய்க் கறை படிந்த மார்பன், ஸ்பேனரைக் கண்டால் தினவெடுக்கும் தோளன், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெங்கும் அதைத் தேடும் விழியன், கார்வினா ஊரின் கோதுமை எடைமேடையைப் பல அறுவடைகள் கட்டிக் காத்து ஓய்வு கொண்ட காவலன், இணையத்தில் பார்த்துச் செய்வதை இழிவென ஒதுக்கித் தானாகவே தவறாகச் செய்யும் தன்மானத்தன்! அவன் புகழைப் பாடத் துணிந்த என் நாவுக்குக் குழாய்த் தண்ணீரின் தெய்வமே காப்பு. மழை பொய்த்து, மண் சிவந்து, குட்டை மரங்களும் கோதுமைக் குதிர்களும் அன்றி வேறு உயரமே அறியாத, ஈமுப் பறவைகள் திரியும் மாலிச் சமவெளியில், குழாயைத் தவிர வேறெந்தத் தெய்வத்தை ஒருவன் காலையில் திறந்து பார்த்து நம்ப முடியும்?

மன்னர்க்குப் பட்டத்து யானை போல வெர்னுக்கு ஒரு ஸ்டேஷன் வேகன் வாய்த்திருந்தது. இளமஞ்சள் மேனியது, வெயில் தின்ற கூரையது, பின்கதவைத் திறக்க முழங்காலையும், மூட இடுப்பையும் வேண்டுவது, முதலாம் கியருக்கு முனகி, இரண்டாம் கியருக்கு இருமி, மூன்றாம் கியரில் முன்வினை எல்லாம் மறந்து ஓடுவது. அதன் வயதொத்த வண்டிகளெல்லாம் மண்ணோடு மண்ணான பின்னும் அது மட்டும் வெர்னின் தகரக் கொட்டகைக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. வெர்னின் மனைவி யூனிஸ் அதைப் பற்றிப் பேசும்போது 'அது' என்பாள். வெர்ன் 'அவள்' என்பான். இல்லறத்தில் அவர்களுக்குள் இருந்த வேறுபாடு அநேகமாக இவ்வளவுதான்.

யூனிஸும் எளியவள் அல்லள். அவள் மாவு சலித்தால் மேகம் வெட்கும். முட்டை அடித்தால் நுரை நிமிர்ந்து நின்று வணங்கும். ஆண்டுதோறும் பினாரா ஊரில் நடக்கும் வேளாண் கண்காட்சியில், செம்மறிக் கிடாக்களுக்கும் பூசணிகளுக்கும் நடுவே, ஸ்பாஞ்ச் கேக்குகளுக்கென்று ஒரு மேசை உண்டு. அந்த மேசையில் தன் கேக்கை வைப்பதே யூனிஸின் ஆண்டு முழுதுக்குமான நோன்பு. சென்ற ஆண்டு அவள் அதைச் சுமந்து புறப்பட்டபோது, இரண்டு ஊருக்கும் நடுவே, நிழலே இல்லாத நெடுஞ்சாலையில், வேகன் வெண்புகை கக்கி நின்றது. கடந்துபோன லாரிக்காரனிடம் தண்ணீர் இரந்து, ஊற்றி, ஊர்ந்து, பினாரா சேர்வதற்குள் மேசை மூடப்பட்டுவிட்டது. திரும்பும் வழியில் அந்தப் பொன்னிறக் கேக்கைச் சாலையோரம் அமர்ந்து, ஈ விரட்டியபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருவரும் தின்று தீர்த்தார்கள். அது நல்ல கேக். அதுதான் யூனிஸுக்குத் தாங்கவில்லை.

இச்செய்தி அறிந்து மகிழ்ந்தவன் ஒருவன் உண்டு. அவன் பக்கத்து வீட்டுக் கிளாரி நோஸ்கி. நெட்டையன், வாத்து வளர்ப்போன், குளிர்காற்று வீசும், பின்னே திறந்த தட்டுடைய புத்தம்புதிய வெள்ளை யூட் வண்டியின் உடைமையாளன். பந்துருட்டும் கழகத்தில் எல்லோரும் கேட்க அவன், அடுத்த கண்காட்சிக்கு யூனிஸும் கேக்கும் தன் வண்டியில் வரட்டும் என்றும், வெர்ன் விரும்பினால் பின்தட்டில் நாயோடு உட்காரலாம் என்றும் பெருந்தன்மையோடு அறிவித்தான். அவையில் சிரிப்பு அலைபோல் எழுந்தது. அப்போது வெர்ன் எழுந்தான். கையிலிருந்த பீர்க் குவளையை வாளென உயர்த்தினான். யூனிஸின் கேக் இனி என்றும் தன் வேகனில்தான் செல்லும் என்றும், ஒருமுறை செல்லாது போனாலும் அந்த வேகனைத் தன் கையாலேயே பழைய இரும்புக்குத் தள்ளிவிடுவதாகவும் வஞ்சினம் உரைத்தான். கூரை விசிறி சுழன்றது. வஞ்சினம் ஊரெங்கும் பரவியது.

இங்ஙனம் ஓராண்டு கழிந்து, கண்காட்சிச் சனிக்கிழமைக்கு முந்திய புதன்கிழமைக் காலையில், சமையலறைச் சன்னல் வழியே யூனிஸ் கொட்டகையை நோக்கினாள். வேகனின் மூக்குக்குக் கீழே மரகதம் உருகியது போன்ற ஒரு சிறு குளம் தேங்கி, கதிரொளியில் தகதகவென மின்னிற்று.

"வெர்ன், வண்டிக்குக் கீழ பச்சையா ஏதோ ஓடுது."

"ஏ.சி. தண்ணிதான். காஞ்சிடும்."

"இந்த வண்டில ஏ.சி. எங்க இருக்கு?"

இவ்வினாவுக்கு விடையாய் வெர்ன் மூக்குக்கண்ணாடியைத் தேடலானான். ரேடியேட்டர் ஒழுகுகிறது என்பதை அவன் கண்ட மாத்திரத்தில் அறிந்திருந்தான். யூனிஸும் அறிந்திருந்தாள். அவள் ஏசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்து, பச்சைக் குளத்தின் கரையில் நின்று தன் தீர்ப்பை வழங்கினாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். அப்பவும் ஒழுகுச்சுன்னா கிளாரிகிட்ட சொல்லிடுவேன். நீ சபதம் போட்டது உன் பாடு. என் கேக் இன்னொரு தடவை ரோட்டுல நிக்காது."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெர்ன் தும்பை சூடினான். அதாவது தொப்பியைத் திருப்பி அணிந்தான்.

முதல் நாள் போர் மிளகுப் போர் ஆயிற்று. ரேடியேட்டருக்குள் மிளகுத்தூளைக் கொட்டினால் துகள்கள் ஓட்டையைத் தேடிச் சென்று அடைக்கும் என்பது அந்நாட்டு ஓட்டுநர் மரபு. வெர்ன் சமையலறைக்குள் பதுங்கிப் புகுந்து, மிளகு டப்பாவைக் கைப்பற்றி, மூடி திறந்து, முழுவதையும் கவிழ்த்து, எஞ்சினை முடுக்கிவிட்டு, அதன் வாயருகே குனிந்து விளைவை நோக்கி நின்றான். ஐயகோ, விசிறியை அவன் மறந்தான்! வாயில் விழுந்தது பாதி, வெளியே சிந்திக் கிடந்தது பாதி. சிந்தியதையெல்லாம் சுழன்ற இறகுகள் வாரி இறைத்து அவன் முகத்தில் அறைந்தன. அவன் தும்மினான். ஒரு தும்மலுக்குக் குதிர்மேல் இருந்த இளஞ்சிவப்புக் கிளிக்கூட்டம் எழுந்து பறந்தது. மறு தும்மலுக்கு அவன் தலை மேலெழுந்து பானெட்டில் மோதி, முரசறைந்தாற்போல் ஓசை தெருக்கோடி வரை சென்றது. வேலிக்கு அப்பால் வாத்துகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த கிளாரி, உடம்புக்கு என்ன என்று அன்போடு விசாரித்தான். வெர்ன் மீண்டும் தும்மினான். ஒழுக்கு சற்றே மெலிந்தது. அந்தி சாய்வதற்குள் மீண்டும் தடித்தது.

வியாழக்கிழமை விடிந்தது. யூனிஸ் தேவாலயக் கூடத்துக்குத் தேநீர் பரிமாறப் போயிருந்தாள். மிளகு தோற்ற இடத்தில் முட்டை வெல்லும் என்னும் இன்னொரு மரபும் அந்நாட்டில் உண்டு: சுடுகின்ற ரேடியேட்டருக்குள் முட்டையை உடைத்து ஊற்றினால், உள்ளே வெந்து, திரண்டு, ஓட்டையின் வாயில் அடைபட்டு நிற்குமாம். வெர்ன் குளிர்பெட்டியைத் திறந்தான். இரண்டாம் தட்டில், நீலக் கிண்ணத்தில், வழக்கத்தைக் காட்டிலும் பெரியனவும் வெளிர்பச்சை ஓடுடையனவுமான முட்டைகள் நிரை நிரையாய் அமர்ந்திருந்தன. பகைவர் ஆநிரையைக் கவர்ந்த பண்டை வீரர் வெட்சிப் பூவாவது சூடிச் சென்றனர். வெர்ன் ஏதும் சூடவில்லை. கிண்ணத்தோடு கவர்ந்தான், ஒன்றன்பின் ஒன்றாய் உடைத்தான், கொதிக்கும் அவ்வேள்வியில் அனைத்தையும் பெய்தான்.

என்னே வியப்பு! ஒழுக்கு நின்றது. சொட்டு நின்றது. கசிவும் நின்றது. வெர்ன் தரையில் படுத்துப் பார்த்தான், கன்னத்தை வைத்துப் பார்த்தான், உலர்ந்திருந்தது உலகம். உடனே வேகனில் ஏறி, கைப்பிடியைச் சுற்றிக் கதவுக் கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே நீட்டி, வெற்றி உலா புறப்பட்டான். அஞ்சலகத்தைக் கடந்தான், கழகத்தைக் கடந்தான், அவன் கடந்த வழியெல்லாம் காலை உணவின் நறுமணம் கமழ்ந்து, சென்ற இடமெல்லாம் மக்கள் பசித்தனர். ஆனால் இரயில்பாதைக் குறுக்கில் தண்டவாளம் ஏறிய அதிர்ச்சியில், அடைபட்டிருந்தது பிடுங்கிக்கொள்ள, பானெட்டின் இடுக்கெல்லாம் ஆவி பீறிட்டு, வெண்கரு விண்ணேறி, மஞ்சட்கரு முன்கண்ணாடியில் பொழிந்து, பொன்மாரி பெய்த புகழ்பெற்ற நாளைப் போல ஆயிற்று. கண்ணாடி துடைக்கும் கைகளை அவன் இயக்கினான். அவை அதைச் சீராகப் பரப்பிவிட்டன.

கிடைத்த தண்ணீரையெல்லாம் ஊற்றி ஊற்றி அவன் வீடு சேர்ந்தபோது யூனிஸும் சேர்ந்தாள். குளிர்பெட்டி திறக்கும் ஓசை கேட்டது.

"இங்க இருந்த முட்டை எங்க?"

வெர்ன் வாசற்படியில் நின்றான்.

"கிளாரி குடுத்த வாத்து முட்டை, வெர்ன். கேக்குக்குன்னு ஒவ்வொண்ணா சேத்து வெச்சிருந்தேன்."

"வண்டிக்குள்ள இருக்கு."

"வண்டில எதுக்குக் கொண்டுபோய் வெச்ச?"

"வண்டில இல்ல யூனிஸ். வண்டிக்குள்ள."

அவள் சன்னல் வழியே மஞ்சள் பூசிய முன்கண்ணாடியைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். கோழி முட்டையில் கேக் செய்வோர் உலகில் கோடி உளர். ஆனால் வாத்து முட்டைதான் அவளுடைய படைக்கலம், அவளுடைய மறை, அவள் கேக்கின் உயரத்துக்கு உயிர்நிலை. அவள் சினந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் வெர்ன் தாங்கியிருப்பான். அவளோ, நாணத்தக்கது நேர்ந்துவிட்ட பழந்தமிழ் வேந்தரைப் போல, சமையலறை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வடக்குச் சன்னலை நோக்கி அமர்ந்து, குறுக்கெழுத்துப் புதிரைக் கையில் எடுத்தாள். அவள் வடக்கிருந்தாள். அன்று மாலை முழுவதும் பென்சிலின் ஓசை அன்றி அவ்வீட்டில் வேறு ஓசை இல்லை.

வெர்னின் நெஞ்சில் முதன்முறையாகச் சபதத்தைக் காட்டிலும் பெரிதான ஒன்று வந்து உட்கார்ந்தது. வேகனை இரும்புக்குத் தள்ளலாம். கழகத்தார் சிரிப்பைப் பொறுக்கலாம். ஆனால் சென்ற ஆண்டு சாலையோரம் கேக்கைத் தின்றபோது அவள் கழுத்து குனிந்திருந்த விதம் அவனுக்கு நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை வெயில் ஏறும் முன் அவன் செய்தற்கரிய செயல் ஒன்றைச் செய்தான். வேலியைச் சுற்றிக்கொண்டு போய்க் கிளாரியின் வாயிற்கதவைத் தட்டினான்.

"வாத்து முட்டை இருந்தா குடு."

"இத்தனை நாளா யூனிஸுக்குத்தானடா குடுத்துட்டு வந்தேன். அதெல்லாம் என்ன ஆச்சு?"

வெர்ன் உள்ளதை உள்ளவாறு உரைத்தான். கிளாரி முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை. சற்றே பொறு என்று கை காட்டிவிட்டு, வாத்துக் கொட்டிலின் பின்புறம் போனான். அங்கிருந்து நெடுநேரம், யாரோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தகரத்தில் சாய்ந்து குலுங்குவது போன்ற ஓசை வந்தது. வாத்துகள் கலவரமுற்று வெளியே ஓடிவந்தன. பின் கிளாரி கண்ணைத் துடைத்தபடி, அன்று கிடைத்த இரண்டே முட்டைகளோடு திரும்பினான்.

"இவ்வளவுதான் இருக்கு. வாத்தை அவசரப்படுத்த முடியாது. ஆனா உன் வண்டி மாதிரியே ஒண்ணு மொர்னா யார்டுல செத்துக் கிடக்கு, பாத்திருக்கேன். வா, ஏறு."

"நீ ஏன்டா வர்ற? நான் தோத்தா உனக்கு நல்லதுதானே?"

"நீ தோக்கணும்டா. அவ எதுக்குத் தோக்கணும்?"

இவ்வாறு வெர்ன் பகைவனின் குளிர்ந்த தேரில் ஏறினான். அதன் இருக்கை மென்மையாக இருந்ததை அவன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஊர்ப்புறத்தே, வேலமரங்களுக்கு நடுவே, மொர்னா என்பாள் ஆளும் பழைய வண்டிகளின் பறந்தலை விரிந்து கிடந்தது. அந்தோ, அக்களம்! கதவிழந்தன, கண்ணிழந்தன, கூரை சப்பளிந்து குப்புற வீழ்ந்தன. ஒரு காலத்தில் மணமக்களைச் சுமந்தனவும் கடற்கரைக்குக் குழந்தைகளைக் கொண்டு சென்றனவும் எலிக்கும் புல்லுக்கும் வீடாய்க் கிடந்தன. மொர்னா தன் வாயிற்படியில் அமர்ந்து இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பத்தைத் தின்றுகொண்டிருந்தாள். முள்கரண்டியால் கடைசி வரிசையைச் சுட்டி, அங்கே பின்பக்கம் நசுங்கிய வேகன் ஒன்று உண்டென்றும், முன்பக்கம் முழுதாக இருக்கிறதென்றும், அதற்குள் குடியிருப்பவனோடு மட்டும் சண்டை பிடிக்க வேண்டாமென்றும் அறிவித்துவிட்டு மீண்டும் தின்றாள்.

குடியிருப்பவன் யார் என்பது பானெட்டைத் திறந்ததும் விளங்கிற்று. ரேடியேட்டரின் மேல், செதிற்கவசம் பூண்டு, தலை எது வால் எது எனத் தெரியாத பருத்த பல்லியொன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அது வாயைத் திறந்து தன் நீல நாவைக் காட்டிற்று. வெர்ன் பின்வாங்கினான். கிளாரி அஞ்சாது முன்சென்று, விலங்குகள் தன் சொல் கேட்கும் என்னும் வாத்து வளர்ப்போரின் செருக்கோடு அதை இரு கையாலும் தூக்கித் தரையில் விட்டான். அது நன்றி கூறுவதைப் போல ஒருகணம் அவனை அண்ணாந்து பார்த்துவிட்டு, அவன் பூட்ஸின் நுனியைக் கவ்வியது. கவ்வியது கவ்வியதுதான். அவன் உதறினான், கெஞ்சினான், மெல்லிய குரலில் பாட்டுப் பாடினான். அது கண்மூடிக் கடித்துக்கொண்டு நின்றது.

"நீ கழட்டுடா வெர்ன். இதை நான் பாத்துக்கறேன்."

கிளாரி ஒற்றைக்காலில் நிற்க, வெர்ன் இறந்த வேகனின் மார்பைப் பிளந்தான். துருவேறிய போல்ட்டுகள் முதலில் மறுத்தன, பின் இரங்கின. ரேடியேட்டரைக் குழந்தையைப் போல் தோளில் சாய்த்து அவன் திரும்பியபோதும் பல்லி விடவில்லை. கிளாரி பூட்ஸைக் கழற்றி, பல்லியோடு நிழலில் வைத்துவிட்டு, ஒற்றைக் காலுறையோடு வண்டி ஓட்டினான். வழிநெடுக இருவர் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தன.

அப்பிற்பகல் கார்வினாவின் தகரக் கொட்டகையில் நிகழ்ந்த பெரும்போரை நான் எவ்வாறு உரைப்பேன்! கீழ்க்குழாயைப் பிடுங்கியதும் மிளகும் முட்டையும் கலந்த பச்சை வெள்ளம் பாத்திரத்தை மீறிப் பெருகி வெர்னின் சட்டைக்குள் புகுந்து கால்சராய் வழியே வெளியேறியது. ஹோஸ் குழாயை இறுக்கிய கிளிப்பு, அகழிசூழ் கோட்டையின் கதவைப் போலத் திறக்க மறுத்து, திடீரெனத் திறந்து, அவன் விரல் மூட்டுகளின் தோலை உரித்தது. அவை யாவும் முன்பக்கத்தே பட்ட விழுப்புண்கள். குனிந்த இடுப்பில் சட்டைக்கும் கால்சராய்க்கும் இடைப்பட்ட வெளியில் மொர்னாவின் களத்து வெயில் சுட்ட புண் மட்டும் புறப்புண். அதைப் பற்றிப் பேசாது விடுவதே புலவர்க்கு அழகு. பழைய ரேடியேட்டரை வெளியே எடுத்துக் கவிழ்த்தபோது, அதிலிருந்து நன்கு வெந்த, நன்கு மிளகிட்ட ஆம்லெட் ஒன்று விழுந்தது. இருவரும் அதைச் சுற்றி நின்று சிறிது நேரம் மரியாதையோடு பார்த்தனர்.

பின் புதியதை இறக்கினர். ரப்பர்த் தாங்கிகளில் அமர்த்தினர். குழாய்களை மாட்டி, கிளிப்புகளை முடுக்கி, எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்டை ஊற்றி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாய் வெளியேறும் வரை காத்திருந்தனர். சூட்டுமானியின் முள் எழுந்தது. கால்வாசி ஏறியது. அரைவாசி ஏறியது. இருவரும் மூச்சடக்கினர். முள் அங்கேயே நின்றது. நடுவில், நடுவுநிலையில், நீதிமன்றத்துத் தராசு போல நின்றது. ஒரு சொட்டும் விழவில்லை.

யூனிஸ் படியிறங்கி வந்தாள். தரையைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள், பச்சைநீரில் ஊறி நின்ற கணவனைப் பார்த்தாள்.

"கிளாரி, உன் இன்னொரு பூட்ஸ் எங்க?"

"கடன் குடுத்திருக்கேன்."

அவள் கிளாரி நீட்டிய இரண்டு முட்டைகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் அடுப்பு பற்றவைக்கும் ஓசையும், கிண்ணத்தில் முட்டை அடிக்கும் ஓசையும் கேட்டன. இரண்டு வாத்து முட்டை, மிச்சம் கோழி முட்டை. வெர்ன் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிரே நின்ற கிளாரியிடம் வண்டி கேட்காமல் அடுப்பை மூட்டினாள் என்றால், அவள் வெர்னின் வண்டியை நம்பிவிட்டாள் என்று பொருள். கிளாரியும் அதை அறிந்தான். அறிந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, வாத்துகளைக் கவனிக்கப் போனான்.

சனிக்கிழமை காலை வேகன் புறப்பட்டது. யூனிஸின் மடியில் கேக். வெர்னின் கண் முள்ளின் மேல். யூனிஸின் கண்ணும் முள்ளின் மேல். கோதுமை வயல்கள் இருபுறமும் அலையடித்ததை அவர்கள் காணவில்லை; சாலையோரம் ஈமுக்கள் குடும்பத்தோடு ஓடியதைக் காணவில்லை; சென்ற ஆண்டு நின்ற இடம் வந்தபோது மட்டும் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சடக்கி, கடந்ததும் ஒரே நேரத்தில் விட்டார்கள். மேசை திறந்திருந்தது. கேக் அமர்ந்தது. நடுவர் அம்மையார் விரலால் அழுத்தினாள். கேக் மெல்ல எழுந்தது. அவள் தலையசைத்து, பக்கத்துக் கேக்கை அழுத்தினாள். அது இன்னும் கொஞ்சம் வேகமாக எழுந்தது. யூனிஸுக்கு இரண்டாம் பரிசுப் பட்டை கிடைத்தது.

வெர்ன் கொதித்தான். தன் வண்டிக்குள் போன முட்டைகள் மட்டும் கேக்குக்குள் போயிருந்தால் முதற்பரிசு அவளுடையதுதான் என்றும், நடுவரிடம் நடந்ததைச் சொல்லி நீதி கேட்கப் போவதாகவும் கூறி எழுந்தான். யூனிஸ் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ரெண்டாவது போதும். போன வருஷம் நாம மேசைக்கே போகல."

"நாம" என்றாள். அந்த ஒற்றைச் சொல்லை வெர்ன் பரிசுப் பட்டையைக் காட்டிலும் இறுகப் பற்றிக்கொண்டான்.

மாலையில், வாகை சூடிய வேந்தனும் தேவியும் தலைநகர் மீள்வதைப் போல, மேற்கே செங்கதிர் சாய்ந்து கோதுமைக் கடல் முழுவதும் பொன்னாய்ப் பற்றியெரிய, முன்கண்ணாடியில் பரிசுப் பட்டை வெற்றிக்கொடியென அசைய, மிளகையும் முட்டையையும் பல்லியையும் வென்ற ரேடியேட்டர் மலையருவி போல் குளிர்ந்து முழங்க, சூட்டுமானியின் முள் கணந்தோறும் அசையாது நின்று அறம் காக்க, அம்முள்ளை விட்டு இமையும் பெயர்க்காத இருவிழியோடு வெர்ன் ட்ரெம்பாத் இளமஞ்சள் வேகனை மூன்றாம் கியரில் செலுத்தி, யூனிஸின் கை தன் காயம்பட்ட விரல்களின் மேல் வந்து அமர்ந்ததை உணர்ந்து, இனி இவ்வையகத்தில் இவ்வண்டியை நிறுத்த வல்லது எதுவும் இல்லை என்று வானம் கேட்க முழங்கிய அக்கணத்தில், எஞ்சின் இருமுறை விக்கி, ஓசை அடங்கி, வேகன் தானாக உருண்டு சாலையோரம் போய் நின்றது.

பெட்ரோல் தீர்ந்துவிட்டது.